நாற்பத்தேழாம் பக்கத்தின் இருபதாவது சொல்

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளி முதல் பைண்டிங் ஒட்டும் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் ‘அர்த்தம்’தான். இருபத்தாறு வருஷமாக அங்கே பிழை திருத்துகிறவர். டீ குடிக்கும்போது பக்கத்தில் யாராவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையை விட்டுவிட்டால் போதும், கேட்காமலே அதற்கு அர்த்தம் சொல்லி, அதோடு கூடப் பிறந்த நாலு வார்த்தைகளையும் இழுத்து வந்து நிறுத்திவிடுவார். முடிவெட்டப் போனால் கடைக்காரர் கையில் இருக்கும் சீப்பைக் காட்டி, “இங்கிலீஷ்ல இதுக்கு ஒரு ‘பி’ உண்டு, ஆனா வாயே திறக்காது. கட்டைவிரலுக்கும் உண்டு, கல்லறைக்கும் உண்டு, சந்தேகத்துக்கும் உண்டு. நாலும் ஊமை ‘பி’” என்பார். கடைக்காரர் பாவம், கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார்.

இந்த ஞானத்தையெல்லாம் வீணாக்குவானேன் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதலாளி ஒரு சட்டைப்பை புத்தகம் போடச் சொன்னார். ‘எழுத்துக் கூட்டாளிகள்’ என்று பெயர். ஒரு பக்கத்துக்கு ஒரு கூட்டம். இரண்டு ‘இஸட்’ ஒட்டி வரும் சொற்கள் ஒரு பக்கம், ‘யூ’ இல்லாத ‘க்யூ’ ஒரு பக்கம், ஊமை எழுத்துகள் சில பக்கங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழில் அர்த்தம். பக்கத்துக்குச் சரியாக இருபது சொல், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைந்தால் பக்கம் பல்லுப் போன வாய் மாதிரி இருக்கும் என்பது முதலாளியின் கட்சி.

நாற்பத்தேழாம் பக்கம் வந்தது. இரண்டு ‘வி’ ஒட்டி வரும் சொற்கள். அந்த எழுத்துக்கு ஏன்தான் அவ்வளவு கர்வமோ, தன் இனத்தோடு சேர்ந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. விவரமான ஆளுக்கு சேவ்வி, மண் வெட்டுகிற தொழிலாளிக்கு நேவ்வி, பங்கு போடுவதற்கு டிவ்வி, விடாமல் நச்சரிப்பதற்குச் சிவ்வி, ஓட்டைக் காருக்கு ஃப்ளிவ்வர். மூன்று அகராதிகளை, அதில் அட்டை போன ஒன்றும் உண்டு, முன்னும் பின்னும் புரட்டி, இறந்த காலம் நிகழ்காலம் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டும் பத்தொன்பதுக்கு மேல் நகரவில்லை. அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம், ஒன்றாகத்தான் மிஷின் ஏறும். இந்த ஒரு வரிக்காகப் பதினைந்து பக்கங்கள் மிஷின் ஏறாமல் நின்றன. மிஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “என்ன அர்த்தம், நான் வீட்டுக்குப் போகட்டுமா?” என்றார். முதலாளி உள்ளேயிருந்து கத்தினார்.

அவர் எழுதிவிட்டார். ‘ட்ரெவ்வல்’ என்று ஒரு சொல். எதிரே அர்த்தம்: ‘வீட்டு வாசல் வரை வந்தும், செருப்பைக் கழற்றி உள்ளே போகத் தைரியமில்லாமல் நிற்றல்.’

அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் கிடையாது. இரண்டு நிமிஷத்தில் அவர் பெற்றெடுத்த பிள்ளை அது. சொல் கற்பனை, சரி. ஆனால் அந்த அர்த்தம் கற்பனை இல்லை, அது வேறு கதை. அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த பதிப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத தப்பு எவ்வளவு சௌகரியமாகக் கூடவே குடியிருக்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, சலவைப் பிரிவில். பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். நாலு மூலையும் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார, கண்ணை மூடிக்கொண்டு மடிப்பாள். மகள் வேலைக்காக வேறு ஊர் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். ஒரு சாயங்காலம் அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

“என்னங்க, எங்க ஆஸ்பத்திரில வார்டு கிளார்க் எடுக்கறாங்களாம். உள்ள வேலை பாக்கறவங்களுக்கு மட்டும். நாற்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும்.”

“உனக்கு நாற்பத்தி நாலுதானே?”

“அதான் சொல்றேன். இந்தத் தடவை விட்டா கதை முடிஞ்சுது. பன்னண்டாவது முடிச்சிருந்தா பரீட்சையே கிடையாது, நேரா நாற்காலிதான். பத்தாவது வரைக்கும் படிச்சவங்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை வைக்கறாங்க. நூத்துக்கு அம்பது வாங்கணும்.”

‘பன்னண்டாவது’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் பன்னிரண்டாவதைத் தனியாக எழுத ஆசைப்பட்டாள். விண்ணப்பத்தை முத்து முத்தான எழுத்தில் நிரப்பி, உறையில் போட்டு, “போற வழியில தபால்ல சேர்த்துடுங்க” என்று அவர் கையில் கொடுத்தாள். உறை அவர் பைக்குள் போனது. திங்கள் மறந்தார். செவ்வாய் கூட்டம் என்று தபாலாபீஸைத் தாண்டிப் போனார். புதன்கிழமை நினைவிருந்தது. இவள் பரீட்சை எழுதி, மேலே படித்து, நாளைக்கு நம்மிடம் எதற்கும் அர்த்தம் கேட்காமல் போய்விட்டால் என்ற ஒரு சின்ன அற்ப எண்ணமும் இருந்தது. மறந்துவிட்டேன் என்பது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம் உறை பையிலேயே இருக்க, வாசலில் செருப்போடு எவ்வளவு நேரம் நின்றாரோ அவருக்கே தெரியாது. உள்ளே போய், “சேர்த்துட்டேன்” என்றார். இரண்டு வாரம் கழித்து, வயசு தாண்டிவிட்டதென்று நிராகரித்துவிட்டார்களாம் என்றார். அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். உறையை அச்சகத்தின் கழிவுக் காகித மூட்டையில் கிழித்துப் போட்டார்.

நாற்பத்தேழாம் பக்கத்து அர்த்தம் பிறந்த இடம் அதுதான்.

இப்போது அவள் படிக்க எடுத்துக்கொண்ட புத்தகம் எது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? “வெளிய எதுக்கு வாங்கணும்? எங்க வீட்டுக்காரர் போட்டதே இருக்கு. அவர் ஒரு புள்ளியைக்கூடச் சரிபார்க்காம விடமாட்டார்” என்று தன்னோடு பரீட்சை எழுதப்போகும் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பிரதி வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதில் ஒருத்தி உயரமானவள், நெட்டை என்று கூப்பிடுவார்கள். சலவை மிஷினைப் பார்த்துக்கொள்கிறவள், இவளுடைய உயிர்த் தோழி. சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரும் விரிப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள்.

வீட்டிலும் அதே பாட்டு. அவர் தண்ணீர் கேட்டால், “சிவ்வி பண்ணாதீங்க, கொண்டு வரேன்” என்பாள். அவர் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், “ஊமை ‘பி’ மாதிரி உக்காந்திருக்கீங்களே” என்பாள். அவர் சிரிப்பார். ஒரு நாள் நாற்பத்தேழாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

“இந்த ட்ரெவ்வல் எவ்வளவு நல்ல வார்த்தைங்க! நம்ம பாஷையில இதுக்கு ஒரே வார்த்தை இல்ல பாருங்க. யாரோ அனுபவிச்சவன்தான் இதைக் கண்டுபிடிச்சிருக்கணும்.”

“அது அவ்வளவு முக்கியமில்ல. விட்டுடு.”

“முக்கியமில்லன்னா ஏன் போட்டீங்க?”

“அது... பழைய வார்த்தை. இப்ப யாரும் சொல்றதில்ல.”

“அப்ப இன்னும் நல்லது. கடைசிக் கேள்வி என்ன தெரியுமா? நாமளே அஞ்சு அரிய வார்த்தை எழுதி, அர்த்தமும் ஒரு வாக்கியமும் எழுதணும். ஒண்ணுக்கு ரெண்டு மார்க். இதை எழுதாம வேற எதை எழுதறது?”

அடுத்த நாள் அவர் அச்சகத்திலிருந்து ஒரு வரி அகலத்துக்குக் காகிதத் துண்டு வெட்டி வந்து, அவள் இல்லாத நேரத்தில் அந்தச் சொல்லின் மேல் ஒட்டினார். அவள் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, “பசை கொட்டியிருக்குங்க, பைண்டிங்ல சொல்லுங்க” என்றாள். உலகத்துப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் சுழிக்கிற மனுஷன், தன் பிழைக்கு முன்னால் பசையோடு நின்றார். ‘இது நான் இட்டுக்கட்டினது’ என்று மூன்றே வார்த்தை. சொன்னால், ‘அப்ப இந்த அர்த்தம் எங்கிருந்து வந்துச்சு?’ என்று கேட்பாள். அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே மரியாதை அர்த்தம் தெரிந்தவர் என்பதுதான். மரியாதையையும் ரகசியத்தையும் சேர்த்துப் பறிகொடுக்க மனம் வரவில்லை.

பரீட்சை அன்று காலையில் ஆஸ்பத்திரி வாசல் வரை கூடப் போனார். சொல்லிவிடலாம் என்றுதான் போனார். “நல்லா எழுதும்மா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

முடிவு வந்தபோது அவளுக்கு நாற்பத்தொன்பது. நெட்டைக்கும் நாற்பத்தொன்பது. மற்ற இருவரும் கரையேறிவிட்டார்கள். ட்ரெவ்வல் எழுதின நாலு பேருக்கும் அந்த இடத்தில் சிவப்புச் சுழி.

அவள் அழுதிருந்தால்கூட அவர் உடைந்து சொல்லியிருப்பார். அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்படி ஒரு வார்த்தையே கிடையாதாம். எவ்வளவு படிச்சவங்க, இதுகூடத் தெரியல. நான் விடுவேனா? புக்கைக் காட்டி மனு குடுத்துட்டேன். உங்க ஆபீசுக்கே லெட்டர் போட்டுக் கேக்கறாங்களாம். நல்லா உறைக்கிற மாதிரி பதில் எழுதுங்க.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் தலையை ஆட்டினார்.

கடிதம் மூன்றாம் நாள் வந்தது. ‘நாற்பத்தேழாம் பக்கத்தின் இருபதாவது சொல்லுக்கு ஆதாரம் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’ முதலாளி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

“யோவ் அர்த்தம், இருக்கா இல்லையா?”

“இல்ல சார். அன்னைக்கு மிஷின் நின்னுச்சு...”

“போட்டும் விடு. பழைய அகராதி ஒண்ணுல இருக்குன்னு எழுதிப் போடு. எவன் போய்த் தேடப் போறான்? உன் வீட்டம்மாவும் அங்கதானே வேலை பாக்கறாங்க? அவங்களுக்கும் நல்லதுதானேய்யா.”

நல்லதுதான். ஒரு பொய்க் கடிதம், இரண்டு மார்க், இரண்டு பெண்களுக்கு நாற்காலி. யாருக்கும் நஷ்டமில்லை. அவர் எழுதினார், முதலாளி கையெழுத்துப் போட்டார், அச்சக முத்திரையும் விழுந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அதைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அலுவலகத்துக்குப் போகும் வழி சலவைப் பிரிவின் பின்கதவைத் தாண்டித்தான். உள்ளே மிஷின் சத்தம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கதவருகே தயங்கி நிற்க, நெட்டை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

“என்னடி ட்ரெவ்வல் பண்ற? உள்ள வா, யாரும் கடிக்க மாட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி விரிப்பின் இரண்டு மூலைகளையும் சேர்த்துப் பிடித்தபடி, “இவளுக்கு மட்டும் இல்லடி, நாளைக்கு ஆபீசே அந்த வார்த்தையைக் கத்துக்கப் போகுது பாரு. எங்க வீட்டுக்காரர் எழுதறேன்னு சொல்லிட்டார்” என்றாள்.

அந்தக் குரலில் துளி சந்தேகம் இல்லை. அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றார். பையில் மறுபடியும் ஒரு உறை, எதிரே மறுபடியும் ஒரு வாசல். எழுதிக் கொடுத்த பொய்யில் அவளை உட்காரவைத்துவிட்டு, ஆயுசு முழுக்க அவள் தன்னை மெச்சுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அவரிடம் திராணி இல்லை. வந்த வழியே திரும்பி அச்சகத்துக்கு வந்தார். முத்திரை குத்தின கடிதத்தைக் கிழித்தார். கையில் அகப்பட்டது சிவப்புப் பேனாதான், அதிலேயே எழுதினார்.

‘அந்தச் சொல் எந்த அகராதியிலும் இல்லை. பக்கத்தை நிரப்ப நான் இட்டுக்கட்டியது. அச்சில் வந்ததை நம்பிப் படித்தது அவர்கள் குற்றமில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.’

கீழே முழுப் பெயரும், பிழை திருத்துபவர் என்று பதவியும் எழுதினார். பிழை திருத்துபவர் என்று எழுதும்போது வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் நின்றார். உள்ளே அவள் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“யாரு? நீங்களா? ஏன் அங்கேயே நிக்கறீங்க?”

அவர் செருப்போடேயே உள்ளே போய்க் கடிதத்தை அவள் ஈரக் கையில் கொடுத்தார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்ப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அவர் காத்திருந்த கேள்வி வரத்தான் செய்தது.

“வார்த்தைதான் பொய். அந்த அர்த்தம் எங்கேருந்து வந்துச்சு?”

அவர் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாள்கூட விடாமல் சொன்னார். புதன்கிழமை வந்த அந்த அற்ப எண்ணத்தையும் சொன்னார். “உனக்குப் பண்ணினது துரோகம்மா” என்றார்.

அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

“நீங்க சேர்த்துட்டேன்னு சொன்னதுக்கு மறுநாள் காலையில சாப்பாட்டுப் பெட்டி வைக்க உங்க பையைத் திறந்தேன். கவர் அப்படியே இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு நீங்க வயசு கதை சொன்னீங்க. சரி, இன்னைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார்னு இருந்தேன்.”

“ஏழு வருஷமாவா?”

“நான் எங்கங்க போகப்போறேன்? இருந்தேன்.”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், அது அவருக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகும்போது தன் மார்க்கைப் பறிக்கக்கூடிய அந்தக் கடிதத்தை அவளே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தாள்.

அலுவலகத்தில் நாலு நாள் யோசித்தார்கள். தப்பு புத்தகத்துடையது என்பதால், மார்க் குறைந்த இரண்டு பேரும் அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு ஒரு சொல்லை அதிகாரிகள் முன்னாலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்று முடிவானது. அவர் மனைவி சிவ்வி என்று எழுதி, ‘என் கணவர் தண்ணீர் கேட்டு என்னைச் சிவ்வி செய்வார்’ என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியமும் எழுதினாள். ஐம்பத்தொன்று ஆனது. நெட்டைக்குக் கை ஓடவில்லை. பேனாவைப் பிடித்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். “மனசு பூரா அந்த ஒரே வார்த்தைதான் நின்னுச்சு, அதைத் தள்ளிட்டு வேற எதுவும் வரல” என்றாள் வெளியே வந்து. அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது, இனி அவளால் எழுத முடியாது.

அர்த்தம் அவள் வீடு தேடிப் போனார். வாசலில் நிற்காமல் நேரே உள்ளே போய், என்ன சொல்வதென்று தெரியாமல் கைகூப்பினார். “விடுங்கண்ணே, எனக்கு அந்த மிஷின்தான் ராசி” என்று அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த நாற்காலியில் உட்கார அவரால் முடியவில்லை. இன்றைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் பின்கதவு வழியை விட்டுச் சுற்றித்தான் போகிறார்.

முதலாளி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினதை அச்சிட முடியாது. புதிய பதிப்பில் நாற்பத்தேழாம் பக்கத்தில் பத்தொன்பது சொற்களும் கீழே ஒரு வரி வெள்ளை இடமும் இருக்கின்றன. டீக்கடையில் யாராவது இங்கிலீஷ் பேசினால் அர்த்தம் இப்போது தம்ளருக்குள் பார்க்கிறார். கேட்டால் மட்டும் சொல்கிறார், அதுவும், “எதுக்கும் அகராதியில ஒரு தடவை பார்த்துக்கங்க” என்று முடிக்கிறார்.

வார்டு கிளார்க் வேலைக்கான உத்தரவு வந்தது. சேருவதற்கான படிவத்தை நிரப்பித் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதே முத்து முத்தான எழுத்தில் நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, அவள் மேஜை மேல் வைத்திருந்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே அதைப் பார்த்தார். கை நீண்டது.

“நான் போற வழியில சேர்த்துடறேனே.”

அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தினமும் போல அவருடைய சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து அவர் பையில் வைத்தாள். உறையை எடுத்துத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“நேரமாச்சு, கிளம்புங்க” என்றாள்.